பருத்த பாத்திரங்கள்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு லப்பைக்குடிக்காட்டுக்குப் போயிருந்தபோது என் பெரியம்மா மகள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். இலக்கியக் கூட்டங்களில் பலர் என்னைப் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தெரியாததற்குச் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். அக்காவிடம் இரண்டும் முடியவில்லை.

"உன் நாவல்ல ரைஸ்மில்காரர் பொஞ்சாதின்னு ஒருத்தி வர்றாளே, அவளை எதுக்குத் தம்பி குண்டா எழுதினே?"

"அவ பேராசைக்காரி இல்லையாக்கா? மருமகளுக்குச் சோத்தை அளந்து போடுறவ."

"பேராசை மனசுலதானே இருக்கும்? அதை ஏன் இடுப்புல கொண்டுபோய் வச்சே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அது வேடிக்கைக் கேள்வி அல்ல என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அக்காவும் பருமனானவள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் திட்டக்குடி. மாவட்டமும் மாறிக் கடலூர் மாவட்டமாகிவிடும். ஆற்றில் தண்ணீரைப் பார்ப்பதைவிட மணலைப் பார்க்கும் நாட்களே அதிகம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் சீமை. பல வீடுகளில் ஆண்பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். அதைச் 'சபுர் போவது' என்போம்.

அக்கா நாலு வருஷமாக, சுபுஹுத் தொழுகை முடிந்ததும், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு பாலம் வரை நடந்து, அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். மழை நாள் தவிர விட்டதில்லை. தேநீரில் சர்க்கரை கிடையாது. ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கம்பு அடையும் கீரையும் சாப்பிடுகிறாள். ரம்ஜானில் முப்பது நோன்பும் பிடிக்கிறாள். இந்த ஒழுங்கைத் தொடங்கும்போது 84 கிலோ இருந்தாள். முதல் எட்டு மாதத்தில் 78-க்கு வந்தது. அதன்பின் எடை மெஷினின் முள் நகரவில்லை. சென்ற வருஷம் அது திரும்பி நடக்க ஆரம்பித்து இப்போது 81-ல் நிற்கிறது. நடையிலும் குறை வைக்கவில்லை, உணவிலும் குறை வைக்கவில்லை.

இதில் அவளுக்கு எடையைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு. அவள் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. கல்யாண வீட்டில் அவள் கை பிரியாணிக்குப் போனால் பத்துக் கண்கள் கூடவே போகின்றன. "ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறாளோ என்னமோ" என்று சொந்தக்காரி ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மருத்துவர் ஒருவர் அவள் சொன்ன உணவுப் பட்டியலை முழுக்கக் கேட்டுவிட்டு, "இனிமேலாவது வாயைக் கட்டுங்கள்" என்றாராம். அதாவது, அவள் பொய் சொல்லுகிறாள் என்று நாகரிகமாகச் சொன்னார்.

ஊரில் இருப்பவர்களாவது முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் அதையே நாவலில் எழுதி அச்சிட்டு விற்றிருக்கிறேன். இந்தக் கட்டுரையை என் குற்றத்துக்கான விசாரணை என்று நேயர்கள் எடுத்துக்கொள்ளலாம். விசாரணை என்னோடு நின்றுவிடாது. என் தொழிலையும் கொஞ்சம் கூண்டில் ஏற்றப்போகிறேன்.

நம் கதைகளைப் புரட்டிப் பாருங்கள். வட்டிக்கடைக்காரர் என்றால் தொந்தி. ஊர்ப் பணத்தை ஏப்பம் விடும் தர்மகர்த்தா என்றால் தொந்தி. லஞ்சம் வாங்கும் ஏட்டையா, கூடத்தில் உட்கார்ந்து மருமகளை ஏவும் மாமியார், எல்லோருக்கும் தொந்தி. உழைக்கிறவனுக்கு ஒட்டிய வயிறு. லட்சியவாதிக்கு எலும்பு தெரியும் மார்பு. பத்திரிகைச் சித்திரக்காரரும் வியாபாரி என்று கேட்டவுடன் முதலில் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் தலையையும் கைகாலையும் சேர்க்கிறார். சினிமாவிலோ, பருத்த நடிகரின் பெயருக்கு முன்னாலேயே 'குண்டு' என்ற அடைமொழியை ஒட்டிவிட்டோம். திரையில் அவர் பெயர் வரும்போதே கொட்டகை சிரிக்கத் தயாராகிவிடும்.

இது ஏன் நடக்கிறது? எழுத்தாளனுக்கு இது சிக்கனம், அதுதான் காரணம். ஒருவன் பேராசைக்காரன் என்று வாசகரை நம்பவைக்க மூன்று சம்பவங்கள் தேவை, நாலு பேச்சுக்கள் தேவை. தொந்தி என்று ஒரு சொல் போட்டுவிட்டால் அந்த வேலை மிச்சம். மீதியை வாசகரின் பழைய வெறுப்பு பார்த்துக்கொள்கிறது. என் ரைஸ்மில்காரர் மனைவியை அப்படித்தான் படைத்தேன். அவள் உள்ளே வரும்போது நாற்காலி முனகியது என்று எழுதினேன். அந்த வரியை ஒரு விமரிசகர் ரசித்து எழுதினார் என்று பெருமைப்பட்டதும் உண்டு. இப்போது அதைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாற்காலி முனகியதால் அவள் மருமகளுக்குச் சோறு போடவில்லையா?

இந்த நாட்டில் தொந்திக்கு எப்போதும் இந்தக் கதி இருந்ததில்லை. பானை வயிற்றுப் பிள்ளையாரைத் தெருவுக்குத் தெரு வைத்துக் கொஞ்சும் ஜனங்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். பஞ்சம் கண்ட தலைமுறைக்குச் சதைப்பிடிப்பு என்பது ஆண்டவன் கொடுத்த அருள். எங்கள் அத்தா காலத்தில் சபுரிலிருந்து திரும்பியவர் கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தான் 'நல்லா இருந்துட்டு வந்திருக்கார்' என்பார்கள். சோறு எளிதாகக் கிடைக்க ஆரம்பித்ததும் மதிப்பு தலைகீழாகிவிட்டது. எல்லோராலும் அடைய முடியாதது எதுவோ அதுதானே அழகு? முன்பு அது சதை. இப்போது அது மெலிவு.

எல்லா எழுத்தாளர்களும் என்னைப் போல் சோம்பேறிகளாக இருந்துவிடவில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியான் நம்பியைப் பாருங்கள். குள்ளம், கட்டையான, பருத்த உடம்பு, முன்குடுமி, கையில் தடி. முதலில் வீரநாராயண ஏரிக்கரையில் சண்டைக்காரராக வந்து நம்மைச் சிரிக்க வைக்கிறார். எங்கள் வெள்ளாறு கடலுக்குப் போகும் வழியில் அதிக தூரமில்லை அந்த வீராணம் ஏரி. ஆனால் அவருடைய உடம்பைக் கொண்டு கல்கி அவரை எடை போடவில்லை. அவர் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றர். கதையில் மிகக் கூர்மையான புத்திக்காரர்களில் ஒருவர்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த மனிதர் நடக்காத நடையா? பழையாறை, தஞ்சாவூர், கோடிக்கரை, கடல் தாண்டி ஈழம் என்று ஓயாமல் அலைகிறார். ஐந்து பாகம் முடிந்தும் அவர் இளைக்கவில்லை! கல்கி இதை யோசித்து எழுதினாரோ, யோசிக்காமல் எழுதினாரோ, உடம்பின் சுபாவம் அதுதான் என்று இன்றைய விஞ்ஞானமும் ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. 2022-லும் 2023-லும் அந்தக் கதை இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது ஜெயராம் அந்த வேஷத்தைத் தாங்கினார். ஜனங்கள் சிரித்தார்கள், ஆனால் அது நம்பியின் குறும்புக்கு விழுந்த சிரிப்பு என்று எனக்குப் பட்டது. நல்ல பாத்திரப் படைப்புக்கு அதுவே அடையாளம்.

ஆங்கிலத்தில் டிக்கன்ஸ் 1836–37-ல் தொடராக எழுதிய 'பிக்விக்' கதையில் ஜோ என்று ஒரு பருத்த பையன் வருகிறான். தின்பான், தூங்குவான். வேலைக்கு ஏவினால் அந்த வேலையின் நடுவிலேயே தூங்கிவிடுவான். டிக்கன்ஸ் அவனை வேடிக்கைப் பொருளாகத்தான் வைத்தார். ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். கிட்டத்தட்ட 120 வருஷம் கழித்து, 1956-ல், அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயை விவரித்தார்கள். மிகுந்த பருமனால் மூச்சு தளர்ந்து, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து, பகலெல்லாம் அடக்கமுடியாத தூக்கம் வரும் நோய் அது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'பிக்விக் நோய்'. ஜோவுக்கு இருந்தது சோம்பல் அல்ல, சுவாசக் கோளாறு! அனுதாபம் இல்லாவிட்டாலும் கண் நேர்மையாக இருந்தால் ஓர் எழுத்து நூறு வருஷம் கழித்தும் சாட்சி சொல்லும். என் ரைஸ்மில்காரர் மனைவியிடம் அனுதாபமும் இல்லை, கண்ணும் இல்லை. இன்னும் நூறு வருஷம் கழித்து எந்த மருத்துவரும் அவளிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்து, பருத்தவர்களே எழுதிய எழுத்துக்கு வருகிறேன். அந்த வகையில் ஆதி நூல் ஒன்று உண்டு. வில்லியம் பாண்டிங் என்ற லண்டன்காரர் 1863-ல் 'பருமனைப் பற்றி ஒரு கடிதம்' என்று பொதுமக்களுக்கு முகவரியிட்டு ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அரச குடும்பத்துச் சவ அடக்கங்களை நடத்திய வீட்டைச் சேர்ந்தவர். எழுத்துத் தொழிலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் எத்தனையோ தொழில்முறை எழுத்தாளர்களிடம் இல்லாத ஒரு குணம் அவரிடம் இருந்தது. தன் வெட்கத்தை அலங்காரம் இல்லாமல் சொன்னார். குனிந்து பாதரட்சையின் கயிற்றைக் கட்ட முடியவில்லை என்கிறார். மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கவேண்டியிருந்தது என்கிறார். தெருவில் ஜனங்கள் பரிகாசம் செய்ததால் வெளியே போவதையே குறைத்துக்கொண்டதைச் சொல்கிறார்.

அவர் கதையில் அக்காவுக்கு மிகவும் வேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது. உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள், செய்தார். விடியற்காலையில் எழுந்து ஆற்றில் படகு வலித்தார். கைகாலில் பலம் வந்தது. கூடவே அசாத்தியமான பசியும் வந்தது. எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. படகை விட்டார். 66-ஆம் வயதில், ஐந்தடி ஐந்தங்குல உயரத்தில், 202 ராத்தல் இருந்தார். நம் கணக்கில் சுமார் 92 கிலோ. காது மந்தமானதற்காகப் போன இடத்தில் வில்லியம் ஹார்வி என்ற வைத்தியர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 46 ராத்தல் குறைந்தார். 1878-ல், எண்பது தாண்டிய பிறகே இறந்தார். அவர் பெயர் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஸ்வீடன் தேசத்தில் உணவைக் குறைத்து மெலிவதற்கு இன்றும் 'பாண்டா' என்றுதான் சொல்கிறார்கள்.

படிக்கப் படிக்க அவர்மேல் பிரியம் உண்டாகிறது. ஆயினும் விமரிசகன் ஒரு குறை சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் பாதியில் அவர் மனிதர். பின் பாதியில் பிரசாரகர். தாம் கரை ஏறிய படகில் எல்லோரும் ஏறலாம் என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை வந்திருக்கும் எடைக் குறைப்பு நூல்கள் ஆயிரமாயிரம். பெரும்பாலானவை அவருடைய முதல் பாதியின் நேர்மையை விட்டுவிட்டுப் பின் பாதியின் நிச்சயத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. 'நான் இளைத்தேன், நீயும் இளைக்கலாம், இளைக்காவிட்டால் குற்றம் உன்னுடையது' என்பதே அவற்றின் சாரம்.

இந்த இலக்கியத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இது முழுக்க முழுக்க ஜெயித்தவர்களின் இலக்கியம். நாலு வருஷம் நடந்தும் இளைக்காதவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. எழுதினாலும் பதிப்பிக்க ஆள் கிடைக்காது. போருக்குப் போய்த் திரும்பியவர்களை மட்டும் கேட்டால் அங்கே யாரும் சாகவே இல்லை என்று தோன்றுவதைப் போலத்தான் இதுவும்.

தோற்றவர்களையும் எண்ணிப் பார்த்தவர்கள் விஞ்ஞானிகள். அவர்கள் எழுத்தில் அழகு குறைவு, நியாயம் அதிகம். 1944–45-ல் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர், யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். சராசரியாக நாலில் ஒரு பங்கு எடை போயிற்று. அதே சமயம் உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொண்டது. உடல் குளிர்ந்தது, நாடி மெதுவாயிற்று. நல்ல குணமுள்ள அந்த வாலிபர்கள் இரவும் பகலும் சோற்றையே நினைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். பட்டினி முடிந்ததும் வயிறு நிறைந்த பிறகும் பசித்தது. அவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் அல்ல; கொள்கைக்காகச் சிறைக்கும் போகத் துணிந்தவர்கள்.

2016-ல் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். யார் அதிகமாக இளைப்பது என்று தொலைக்காட்சியில் போட்டி நடத்தினார்களே, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட ஆச்சரியம், அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழித்த சக்தி, அந்த உருவமுள்ளவருக்கு எதிர்பார்க்கும் அளவைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருஷம் கழித்தும் உடம்பு அந்தப் பட்டினியை மறக்கவில்லை!

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓர் உதாரணத்தால் சொல்லிவிடலாம். சபுரிலிருந்து பணம் வராத மாதம் வீட்டுக்காரி என்ன செய்கிறாள்? கறி வாங்குவதை நிறுத்துகிறாள், விளக்கை அணைக்கிறாள், கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்கிறாள். நகையை மட்டும் கடைசிவரை விற்பதில்லை. மறுபடி பணம் வந்ததும் முதல் காரியமாகப் போன நகையை மீட்கிறாள். உடம்பும் அப்படிப்பட்ட வீட்டுக்காரிதான். கொழுப்புதான் அதன் நகை. அந்த நகை எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்ல ஒரு சுரப்பே இருக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதைக் கண்டு 'லெப்டின்' என்று பெயரிட்டார்கள். கொழுப்பு குறையக் குறைய அந்தத் தகவல் குறைகிறது, பசி ஏறுகிறது. பல லட்சம் வருஷப் பஞ்சத்தில் பழகிய கணக்கு அது. நம்முடைய நாலு வருஷ வைராக்கியத்தை அது ஒரு கெட்ட காலம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

நடைக்கும் இதே கதிதான். தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைக்கும் ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் ஆராய்ந்து 2012-ல் எழுதினார்கள். உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாளெல்லாம் நடக்கும் அவர்கள் செலவழிக்கும் மொத்த சக்தியும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேல்நாட்டார் செலவழிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒரு பக்கம் கூடும் செலவை உடம்பு இன்னொரு பக்கம் சரிக்கட்டுகிறது என்பது அவர்கள் கட்சி. ஆழ்வார்க்கடியான் நம்பி இளைக்காத மர்மம் இப்போது துலங்குகிறதல்லவா?

இதைப் படித்துவிட்டு யாரும் நடையை நிறுத்திவிடக் கூடாது. நடை இருதயத்துக்கு நல்லது. ரத்த அழுத்தத்துக்கும், சர்க்கரைக்கும், தூக்கத்துக்கும், மனசுக்கும் நல்லது. எடை மெஷின் இவற்றில் எதையும் காட்டாது, அவ்வளவுதான். இதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மச்சான், இருபத்தைந்து வருஷம் சபுரில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான மனிதர். ஊர் அவரைப் பார்த்து, "உடம்பை என்னமா வச்சிருக்கார்" என்று மெச்சுகிறது. அவருக்குத்தான் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. அக்காவுக்கு இதுவரை சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. 2004-ல் லான்செட் பத்திரிகையில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அச்சிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். எடையையும் உயரத்தையும் கொண்டு போடும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு, வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு. புனேயில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ, ஆனாலும் எடை குறைந்த நம் குழந்தைகள் சதையைத்தான் இழந்திருந்தன, கொழுப்பை அவ்வளவாக இழக்கவில்லை என்று யாக்னிக் குழுவினர் காட்டினார்கள். நாம் ஒல்லியாகத் தெரிந்தபடியே பருத்திருக்கும் ஜாதி! அதனால்தான் மற்றவர்களுக்கு 25 என்று வைத்த எல்லைக்கோட்டை நம்மவர்களுக்கு 23-ஆகக் குறைத்தார்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். அவர்களில் எங்கள் மச்சானைப் போன்ற ஒல்லிகள் ஏராளம். அவர்களை எந்தக் கதையாசிரியனும் பேராசைக்காரர்களாக எழுதியதில்லை.

சமீபத்தில் பசியைக் குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. அவற்றின் பலன், விலை, ஆபத்து எல்லாம் மருத்துவர்கள் பேசவேண்டிய விஷயம். கதைக்காரனுக்கு அதில் ஒரு நீதி இருக்கிறது. குடலில் சுரக்கும் ஒரு பொருளைப் போலச் செய்யும் மருந்து உள்ளே போனதும் சாப்பாட்டு நினைவு அடங்குகிறது. நிறுத்தினால் திரும்புகிறது. செமாக்ளூடைடு மருந்தை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள் என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்லிற்று. வாரம் ஒரு ஊசியால் வந்து போகும் ஒன்றைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

'அப்படியானால் பருமன் நல்லது என்கிறீரா? இனி எந்தக் கெட்டவனுக்கும் தொந்தி வைக்கக்கூடாதா?' என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டும் என் கட்சி அல்ல. மிகுந்த பருமன் மூட்டையும் மூச்சையும் இருதயத்தையும் வாட்டும். அதைக் குறைக்க முயல்வது நியாயம். ஐந்தாறு கிலோ குறைந்தாலும் லாபமே. பருத்த அயோக்கியனைக் கதையில் வைக்கவும் தடை இல்லை. ஆனால் அவன் அயோக்கியத்தனத்தை அவன் செய்கையால் காட்டவேண்டும். தொந்தியை எடுத்துவிட்டாலும் அவன் அயோக்கியனாகவே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அவனை எழுத்தாளன் படைக்கவில்லை, தையற்காரன் படைத்தான்.

நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இது எளிதல்ல. 2015-ல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' படம் ஒரு பருத்த பெண்ணைக் கதாநாயகி ஆக்கியது. அதற்காக அனுஷ்கா தம் உடம்பையே பெருக்கிக்கொண்டார். அவள் படும் அவமானத்தைப் படம் மரியாதையோடு பார்த்தது, பாராட்டவேண்டிய காரியம். ஆனால் கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமென்று எடைக் குறைப்பு மோசடி நிலையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. மோசடியை எதிர்ப்பதில் யாருக்கு ஆட்சேபம்? மோசடி ஏதும் இல்லாமல், ஒழுங்காக நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டு, அப்படியும் இளைக்காதவளின் கதைக்குத்தான் வில்லன் இல்லை. அவளுக்கு எதிரே இருப்பவை அவளுடைய சொந்த உடம்பும், அவளை நம்பாத ஊரும்தான். நம் கதாசிரியர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நானும் போனதில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். நாவல் மறுபதிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ரைஸ்மில்காரர் மனைவியின் உடம்பைப் பற்றிய வரிகளையெல்லாம் அடித்தேன். நாற்காலி முனகுவதை நிறுத்தினேன். அடித்துவிட்டுப் படித்தால், அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை! அவள் பேராசைக்காரி என்பதற்கு நான் வைத்திருந்த ஒரே சாட்சி அவள் இடுப்புதான். பிறகு உட்கார்ந்து எழுதினேன். அரிசி அளக்கும் படியின் அடியில் அவள் மெழுகு ஒட்டிவைத்திருந்ததை எழுதினேன். மகனுடைய கடிதத்தை மருமகளுக்குக் காட்டாமல் மூன்று நாள் மடியில் வைத்திருந்ததை எழுதினேன். முன்னைவிடப் பயங்கரமானவளாக வந்தாள்.

அச்சான பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து டெலிபோனில் கூப்பிட்டாள்.

"படிச்சேன் தம்பி. நல்லா மாத்திட்டே. இப்பத்தான் அவளைப் பார்த்தா உண்மையிலேயே பயமா இருக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் தொடர்ந்தாள்:

"ஆனா ஒண்ணு. முன்னே உன் கதைல குண்டா இருந்தவ அவ ஒருத்திதான். இப்ப அவளையும் ஒல்லியாக்கிட்டே. முந்நூறு பக்கம், ஒரு ஊரே வருது. அதுல என்னை மாதிரி ஒருத்திகூட இல்லையேப்பா?"

மறுபடியும் எனக்குப் பதில் இல்லை. கேலி செய்யவே ஒரு பருத்த பெண்ணை வைத்திருந்தேன். கேலியை எடுத்ததும் அவளுக்கு என் கதையில் இடமே இல்லாமல் போய்விட்டது. அவளை நடக்கவிடவும், கோபப்படவிடவும், கல்யாண வீட்டில் நிம்மதியாக இரண்டு கவளம் சாப்பிடவிடவும் எனக்குத் தோன்றவே இல்லை. இதுவரை எழுதியதெல்லாம் பாதி விசாரணைதான் போலிருக்கிறது. மீதியை அடுத்த நாவலில்தான் நடத்தவேண்டும்.

"காலைல நடக்கப் போறியாக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"போகாம? ஆத்துல தண்ணி வந்திருக்கு. பாலத்துல நின்னு பார்த்துட்டு வருவேன். எடை குறைஞ்சாத்தான் தண்ணி பார்க்கணுமா?" என்றாள்.